நெட்வொர்க் இல்லையாம்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். பிளஸ் டூவில் பிசிக்ஸ் எடுத்தவன்கூடக் கிடையாது. மோடம் என்பதை ரொம்ப நாள் வரைக்கும் கிளையின் மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டு தூசி படிந்து கிடக்கும் ஒரு பெட்டியாகத்தான் தெரியும். விளக்கு பச்சையாக இருந்தால் வேலை நடக்கும், சிவப்பாக இருந்தால் டீ குடிக்கப் போகலாம். அப்படிப்பட்ட ஆள் மோடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறான் என்றால் வயிற்றெரிச்சல் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் இன்றைக்கு அதிகம் பொய்யாகச் சொல்லப்படும் வார்த்தை எது என்று கேட்டால் "நெட்வொர்க் இல்லை" என்பதுதான் என் பதில். நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஊரில் அம்மா ஏடிஎம்முக்குப் போனார், பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் குறைந்துவிட்டது, மேனேஜரைக் கேட்டால் "நெட்வொர்க் ப்ராப்ளம்மா, ரெண்டு நாள்ல வந்துரும்" என்கிறார். கோபுரத்தின் மேல் பழியைப் போட்டால் போதும், கோபுரம் வாயைத் திறக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2022 ஜூலை. கானிங் பக்கம் ஒரு கிராமம். நம் ஊர்க்காரர்களுக்காக ஒரு வரி: பாலிகஞ்சில் கானிங் லோக்கல் ஏறினால் சோனார்பூர் தாண்டி, கடைசி ஸ்டேஷன். அதற்கப்புறம் ஆறு, படகு, சுந்தரவனம். அங்கே எங்கள் வங்கிக்கு ஒரு சேவை மையம் உண்டு. ஒரு பையன், ஒரு மேசை, கையடக்கமான ஒரு மைக்ரோ ஏடிஎம் இயந்திரம், அவ்வளவுதான் மையம். ரூபே கார்டைச் செருகி ரகசிய எண்ணைப் போட்டால் பையன் தன் கல்லாவிலிருந்து பணம் கொடுப்பான். அவன் கொடுத்த பணத்துக்கு ஈடாக அவன் கணக்கில் வங்கி வரவு வைக்கும்.

ஒரு மூதாட்டி ரூ. 1,500 எடுக்கப் போயிருக்கிறார். இயந்திரம் "தோல்வி" என்றது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் தோல்வி. மூன்றாம் முறை சரியானது. பையன் 1,500 கொடுத்தான். அவர் கணக்கில் குறைந்ததோ 4,500.

அந்த அம்மா கிளைக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு நாள் இல்லை, மூன்று முறை வந்தார். வருவதற்கு அவருக்குப் படகுக்கூலி, வேன்கூலி, அன்றைய வேலைக்கூலி போகும். நான் அப்போது கொல்கத்தாவில் இந்த மையங்களைக் கவனிக்கும் பிரிவில் இருந்தேன். மூன்றாம் தடவை அவரை எங்கள் அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டார்கள். என் வங்காளியின் அழகைக் கேட்டுவிட்டு "பாபு, உங்களுக்கு எந்த ஊர்?" என்றார். மெட்ராஸ் பக்கம் என்றேன். (இங்கே எல்லாரும் மெட்ராஸ் பக்கம்தான், தஞ்சாவூர் என்றால் யாருக்குத் தெரியும்.) அவர் முகம் மாறியது. அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். அந்தப் பணமே அவன் அனுப்பியதுதான். "உங்க ஊர்ச்சோறு சாப்பிட்டுத்தான் அவன் அனுப்புறான் பாபு" என்றார். நான் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அவர் பிள்ளை திருப்பூரில் கடுகெண்ணெய் தேடிக்கொண்டிருக்கிறான். நடுவில் மூவாயிரம் ரூபாய் எங்கேயோ நிற்கிறது.

"மாசிமா, நெட்வொர்க்..." என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2011-லேயே, தோல்வியடைந்த ஏடிஎம் பணத்தை 7 வேலைநாளில் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு ரூ. 100 என்று உத்தரவு. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை அதை இன்னும் இறுக்கியது. ஏடிஎம், மைக்ரோ ஏடிஎம் இரண்டுக்கும் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாள் கெடு, அதற்கு மேல் நாளொன்றுக்கு ரூ. 100, அதையும் வாடிக்கையாளர் கேட்காமலேயே வங்கியே தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் இந்தச் சட்டம் வேலை செய்ய வேண்டுமானால், பரிவர்த்தனை தோற்றது என்று வங்கிக்குத் தெரிய வேண்டும் அல்லவா? எங்கள் சர்வரில் மூன்றும் வெற்றி. பையனின் கணக்கில் 4,500 வரவு. அப்படியானால் திருடன் யார்? பையன்தான்! விசாரிக்காமலே முடிவு கட்டிவிட்டார்கள் எங்கள் ஆட்கள். ஊரிலும் அதே பேச்சு. மையத்தைப் பூட்டி, ஏஜென்சியை ரத்து செய்ய ஃபைல் கிளம்பிவிட்டது.

பையனைக் காப்பாற்றியது ஒரு நோட்டுப்புத்தகம். தினமும் சாயங்காலம் கல்லாவை எண்ணி, வங்காளியில் கையால் எழுதி வைத்திருந்தான். அந்தத் தேதியில் "3,000 பேஷி", அதாவது அதிகம் என்று எழுதி, ஹெல்ப்டெஸ்க்குக்குக் கூப்பிட்ட நேரத்தையும் குறித்திருந்தான். ஹெல்ப்டெஸ்க் என்ன சொன்னது தெரியுமா? "நெட்வொர்க் ப்ராப்ளம், தானா சரியாயிடும்."

அப்போதுதான் எனக்குச் சூடு ஏறியது. இயந்திரம் சப்ளை செய்த கம்பெனியைக் கூப்பிட்டேன். (பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஒரு கம்பெனி மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வீர்கள்.) போனை எடுத்தது ஒரு தமிழ்ப் பையன், சென்னையிலிருந்து.

"சார், அது நெட்வொர்க் இஷ்யூ சார். டூஜி சிக்னல், நாங்க என்ன சார் பண்றது?"

"தம்பி, சிக்னல் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பார்த்தீங்களா?"

"இல்ல சார்... ஜெனரலா அப்டித்தான் சார்."

இந்த "ஜெனரலா அப்டித்தான்" என்பதை நம்பித்தான் ஒரு பையனின் பிழைப்பைப் பறிக்க ஃபைல் போட்டிருக்கிறோம். இயந்திரத்தைக் கழற்றி அனுப்புகிறேன், உள்ளே அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுத்தில் எடுத்துக் கொடு என்றேன். நல்ல பையன். முனகிக்கொண்டே செய்தான். முப்பத்திரண்டு பக்கம் பிரிண்ட் வந்தது. எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் முப்பத்திரண்டு பக்கத்தை ஸ்கேலும் சிவப்புப் பென்சிலும் வைத்து வரிவரியாக டிக் அடிப்பது எங்கள் குலத்தொழில். இரண்டு இரவு உட்கார்ந்தேன். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் தம்பிக்குப் போன். மூன்றாம் இரவு கண்டுபிடித்தோம்.

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது கணக்குப்பிள்ளைக்குப் புரியும் சமாசாரம்தான்.

அந்தக் கையடக்க இயந்திரத்துக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர் நம்மோடு பேசும் புரோகிராம். திரை, பொத்தான், கார்டு எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவர் செல் மோடம், கோபுரத்தோடு பேசுபவர். இருவருக்கும் நடுவில் சில மெல்லிய கம்பித்தடங்கள். ஒரு பிட்டுக்குப் பின் ஒரு பிட்டாக, வரிசையில் ஒற்றை ஒற்றையாகப் போகும். அதனால்தான் அதற்கு சீரியல் என்று பெயர். இந்த ஏற்பாட்டின் தாத்தா ஆர்எஸ்-232 என்று 1960-இல் வந்தது. புரோகிராம் மோடத்துக்கு இடும் கட்டளைகள் எல்லாம் "ஏடி" என்று ஆரம்பிக்கும். 1981-இல் அமெரிக்காவில் டென்னிஸ் ஹேய்ஸ் கம்பெனி விற்ற ஸ்மார்ட்மோடத்தில் வந்த பழக்கம். அட்டென்ஷன், "இங்கே கவனி" என்று அர்த்தமாம். நம் ஊரில் "ஏடி, இங்க வாடி" என்று கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது :-) டெலிபோன் கம்பி போய், ஜிஎஸ்எம் வந்து, 4ஜி வந்தும் மோடத்தை இன்னும் "ஏடி" போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். மோடம் ஒவ்வொன்றுக்கும் "ஓகே" என்றோ "எரர்" என்றோ பதில் சொல்லும்.

இதில் பெரிய வில்லங்கம் ஒன்று. மோடம் சொல்லும் பதிலில் எந்தக் கேள்விக்கான பதில் என்று எண் கிடையாது. வெறும் "ஓகே". கேட்டவர்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு நடுநடுவே கேட்காமலேயே மோடம் தானாகச் செய்தி சொல்லும். போன் வருகிறது, எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, கோபுரம் மாறியது என்று. அதையும் பதிலோடு கலக்காமல் பிரித்தெடுக்க வேண்டும்.

அன்றைக்கு நடந்தது இது. புரோகிராம் "இந்தச் செய்தியை சர்வருக்கு அனுப்பு" என்றது. மோடம் வாங்கிக்கொண்டது. டூஜி, கூட்ட நேரம், மெதுவாகப் போனது. புரோகிராமுக்கு 15 விநாடிதான் பொறுமை. 15 முடிந்ததும் திரையில் "தோல்வி" என்று போட்டுவிட்டது. 17-ஆம் விநாடியில் மோடம் "அனுப்பியாயிற்று" என்றது. கேட்க ஆளில்லை. அந்த வரி வாசலில் போட்ட தபால் மாதிரி அப்படியே கிடந்தது.

தோல்வி என்றால் ரிவர்சல் அனுப்ப வேண்டும். "முன்னால் சொன்னதை ரத்து செய்" என்று சர்வருக்குச் சொல்லும் செய்தி அது. கார்டு உலகத்தில் ஐஎஸ்ஓ 8583 என்ற தரத்தில் இதற்கென்றே தனி எண் வகை இருக்கிறது, 0420. அதற்கு சர்வர் 0430 என்று பதில் தர வேண்டும். அது வருகிற வரை இயந்திரம் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நம் புரோகிராம் என்ன செய்தது? ரிவர்சலை மோடத்திடம் நீட்டியது, உடனே வாசலைப் பார்த்தது. அங்கே பழைய "அனுப்பியாயிற்று" கிடந்தது. "ஆஹா, ரிவர்சல் போய்விட்டது" என்று எடுத்துக்கொண்டு, ரிவர்சலைத் தன் ஞாபகத்திலிருந்து அழித்துவிட்டு, இணைப்பையும் துண்டித்துவிட்டது. 0430 வந்ததா என்று பார்க்கவே இல்லை. உண்மையில் ரிவர்சல் மோடத்தை விட்டு வெளியே போகவே இல்லை.

இரண்டாம் முறையும் இதே கதை. பேரேட்டில் ஒரு வரி கீழே இறங்கி எழுதினால் அதற்கப்புறம் ஒவ்வொரு ரசீதும் பக்கத்து வவுச்சரோடு சேர்ந்துகொள்ளுமே, அதுதான். பழைய கிளார்க் யாராக இருந்தாலும் பார்த்த உடனே கண்டுபிடிப்பார்.

சரி, கோபுரம்? அதையும் பார்த்தோம். மோடத்தைக் கேட்டால் சிக்னலை 0 முதல் 31 வரை ஒரு எண்ணாகச் சொல்லும், தெரியவில்லை என்றால் 99. அன்றைக்கு லாகில் இருந்த எண் 14. தம்பியே சொன்னான், "சார், 14 ஓகேதான் சார்." சிக்னல் இருந்தது. மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். கோபுரம் வரைக்கும் போக வேண்டியதே இல்லை. தப்பு நடந்தது அந்த இயந்திரத்துக்குள், இரண்டு விரற்கடை தூரத்தில்.

இங்கேதான் என் சண்டை. மெதுவான நெட்வொர்க் குற்றமல்ல. மெதுவாக இருக்கும் என்று தெரிந்தும், பதிலைச் சரியாகக் கேட்கத் தெரியாத புரோகிராமை எழுதி விற்பது குற்றம். அதை வாங்குவது அதைவிடக் குற்றம். அம்பன் புயல் 2020 மே 20-ஆம் தேதி அடித்தபோது கொல்கத்தாவிலேயே நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போன் இல்லை. சுந்தரவனத்தில் கேட்கவே வேண்டாம். அப்போது நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நிஜமான "நெட்வொர்க் இல்லை". அந்த வார்த்தையை அதற்காக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மோடம் "ஓகே" சொல்வதை ஏன் நம்பக்கூடாது என்று தம்பி கேட்டான். பதிவுத் தபால் ஞாபகம் இருக்கிறதா? (2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள்.) தபால் ஆபீசில் கவரைக் கொடுத்தவுடன் ஒரு ரசீது கிழித்துத் தருவார்கள். அது "நாங்கள் வாங்கிக்கொண்டோம்" என்பதற்குத்தான் சாட்சி. போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி, வாங்கியவர் கையெழுத்தோடு திரும்பி வரும் ஒப்புகை அட்டை. மோடத்தின் ஓகே வெறும் ரசீது. சர்வரிலிருந்து வரும் பதில்தான் ஒப்புகை அட்டை. ரசீதை வைத்துக்கொண்டு கோர்ட்டில் "நோட்டீஸ் சேர்ந்துவிட்டது" என்று வாதாடினால் ஜட்ஜ் என்ன சொல்வார்? ஆனால் ஒரு கிராமத்தின் பணத்தை நாங்கள் ரசீதை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

இதெல்லாம் புதிதும் இல்லை. நான் வங்கியில் சேர்ந்த புதிதில் ஓய்வுபெறப்போகும் ஒரு தலைமைக் கணக்கர் டிடி காலத்துக் கதைகள் சொல்வார். டிமாண்ட் டிராஃப்ட் இல்லை, தந்தி மூலம் பணம் அனுப்பும் டிடி. தந்தி போகும், பின்னாலேயே அதே செய்தி தபாலிலும் உறுதிப்படுத்தப் போகும். இரண்டும் வந்து சேர்ந்தால் இரண்டு தடவை பணம் கொடுத்துவிடக் கூடாதே? அதற்காக வரிசை எண். எண்ணைப் பார்த்து, ஏற்கெனவே கொடுத்திருந்தால் தபாலைக் கோர்த்து வைத்துவிடுவார்கள். செய்தி நிஜம்தானா என்று பார்க்க ரகசியச் சோதனை எண் வேறு. கம்ப்யூட்டர்காரர்கள் இப்போது பெரிய பெயர் வைத்துச் சொல்வதை நம் பெரியவர்கள் கோந்தும் குண்டூசியும் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

அதுவும் எந்த ஊரில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள். இந்தியாவின் முதல் சோதனைத் தந்திக்கம்பி 1850-வாக்கில் ஓஷாக்னசி என்ற டாக்டர் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் நடுவே இழுத்தது. இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று இங்கே ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த மந்திரி சுக்ராமுக்குப் பேசியது. 2012 ஏப்ரலில் ஏர்டெல் நாட்டிலேயே முதலாவதாக 4ஜியைத் தொடங்கியது இங்கே. 2019-இல் அதே ஏர்டெல் 3ஜியை நிறுத்த ஆரம்பித்ததும் முதலில் இங்கேதான், டூஜியை மட்டும் விட்டுவைத்துவிட்டு. 4ஜி தெரியாத பழைய மோடம் எல்லாம் அந்த சிம்மோடு டூஜிக்கு இறங்க வேண்டியதுதான். நெட்வொர்க் மாறும், வேகம் ஏறும், இறங்கும் என்பதை இந்த ஊரைவிட அதிகம் பார்த்த ஊர் எது? அந்த ஊர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, எப்போதும் 15 விநாடிக்குள் பதில் வந்துவிடும் என்று நம்பும் இயந்திரத்தை வாங்கியிருக்கிறோம்.

"வாங்கியிருக்கிறோம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஒப்புதல் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். சோதனை எங்கே நடந்தது? டல்ஹௌசியில், ஐந்தாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்து மொட்டைமாடியில் கோபுரம். ஏசி அறை, மேசையில் சந்தேஷ், புது பாட்டரி. இருபது பரிவர்த்தனை போட்டோம், இருபதும் வெற்றி. கை தட்டினோம். கானிங்குக்கு அப்பால் உபயோகிக்கப்போகும் இயந்திரத்தை டல்ஹௌசியில் சோதிப்பது, படகை மொட்டைமாடியில் நிறுத்தி ஓட்டை இல்லை என்று சான்றிதழ் கொடுப்பதுதான்.

டெண்டரைப் பாருங்கள். கார்டு ரீடர் தரம், பிரிண்டர் வேகம், திரை அளவு, பாட்டரி எத்தனை மணி நேரம், கம்பெனிக்கு மூன்று வருட லாபம் இருக்கிறதா, எல்லாம் பக்கம் பக்கமாக. "பதில் தாமதமானால் இயந்திரம் என்ன செய்யும்?" என்ற ஒரு கேள்வி எங்கேயும் இல்லை. கேட்காததை எவன் செய்வான்? விலை குறைவாகக் கொடுப்பவனுக்குத்தான் ஆர்டர். அவன் மோடத்துக்கும் புரோசசருக்கும் நடுவே "கொஞ்சம் நிறுத்து, என் கை நிறைந்திருக்கிறது" என்று சைகை காட்டுவதற்கென்றே இருக்கும் இரண்டு கம்பியைக்கூடச் சேர்க்காமல் விட்டுவிடுவான். சைகை இல்லாவிட்டால் வேகமாக வரும் எழுத்துகள் வழிந்து கீழே போகும், செய்தியில் நடுவில் ஓட்டை விழும். பாட்டரியும் அப்படித்தான். டூஜி மோடம் கோபுரத்துக்குக் கத்தும்போது கண்சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக, ஆனால் 2 ஆம்பியர் வரைக்கும் கரண்ட் இழுக்கும். (அந்தக் காலத்தில் போன் வருவதற்கு முன்னால் ரேடியோவில் "டிர்ர்-டிடிக்" என்று ஒரு சத்தம் வருமே, அந்தக் கத்தலின் சத்தம்தான்.) பழைய பாட்டரியால் அதைத் தர முடியாது. மோடம் மயங்கி விழுந்து மறுபடி எழுந்திருக்கும். புரோகிராமுக்கு அது தெரியவே தெரியாது. திரையில் என்ன வரும்? சரியாகச் சொன்னீர்கள்.

எதிர்வாதங்களையும் கேட்டுவிட்டேன். "எவ்வளவு நல்ல புரோகிராம் எழுதினாலும் நூறு சதவீதம் முடியாது சார்." உண்மை. இரண்டு தளபதிகள் கதை என்று ஒன்று இருக்கிறதாம். ஜிம் கிரே என்ற நிபுணர் 1978-இல் அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தார். தூது போகிறவன் வழியில் பிடிபடலாம் என்றால், எத்தனை தூது அனுப்பினாலும் இரண்டு தளபதிகளும் "அவனுக்குச் சேதி தெரியும்" என்று முழு நிச்சயத்துக்கு வரவே முடியாது. ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கணக்கு என்று ஒன்று இருக்கிறது! நிச்சயம் இல்லாத இடத்தில் "தோல்வி" என்று பொய் சொல்லாதே, "தெரியவில்லை" என்று சொல். அதே எண்ணோடு மறுபடி கேள். சர்வர் பழைய எண்ணைப் பார்த்தால் இரண்டாம் முறை பற்று வைக்காமல் பழைய பதிலையே திருப்பிச் சொல்லட்டும். இந்த இயந்திரம் ஒவ்வொரு முறையும் புது எண் போட்டு அனுப்பியதால்தானே மூன்று தனித்தனிப் பரிவர்த்தனை ஆனது.

இன்னொரு வாதம், என்னைக் கொதிக்க வைப்பது. "மொத்தத்தில் பார்த்தால் ரொம்பச் சின்ன சதவீதம்." மொத்தத்தில் ஏன் பார்க்கிறீர்கள்? இந்தத் தோல்விகள் ஊர் முழுக்க விபூதி தெளித்த மாதிரி பரவலாக விழுவதில்லை. சிக்னல் மெதுவான இடத்தில், அதே கிராமத்தில், அதே ஆட்கள் தலையில், மாதாமாதம் விழும். பாலிகஞ்சில் இருப்பவருக்கு ஒரு தடவைகூட நடக்காது. சராசரி போட்டால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நடந்த மாதிரி தெரியும்.

நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இங்கே லேக் கார்டன்ஸிலும் பெஹாலாவிலும், பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் நம் குடும்பங்களில் வீட்டுக்கொரு சாஃப்ட்வேர் பிள்ளை இருக்கிறது. இந்த மாதிரி புரோகிராம் எழுதுவது வேற்றுக்கிரகத்தார் அல்ல. போனில் பேசிய தம்பி மாதிரி தங்கமான பையன்கள்தான். அவனிடம் கேட்டேன், பதில் தாமதமானால் என்ன ஆகும் என்று யாராவது உன்னிடம் கேட்டார்களா என்று. "டெமோ ஓடணும்னு மட்டும்தான் சார் சொன்னாங்க" என்றான். பத்து நாளில் திருத்திக் கொடுத்தான். நேரம் முடிந்தால் வாசலில் கிடக்கும் பழைய வரிகளைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் அடுத்த கட்டளை. மோடத்தின் ஓகேயை வைத்து எதையும் அழிப்பதில்லை. 0430 வரும்வரை ரிவர்சல் இயந்திரத்தின் அழியாத ஞாபகத்தில் இருக்கும், பாட்டரி செத்துப் பிழைத்தாலும். "தோல்வி"க்குப் பதில் திரையில் "முடிவு தெரியவில்லை, காத்திருக்கவும்". கூடுதல் செலவு? ஒரு பைசா இல்லை. பத்து நாள்.

உங்களுக்கு, வீட்டுக்காரர்களுக்கு: ஊரில் அம்மா அப்பாவிடம் சொல்லி வையுங்கள். இயந்திரம் தோல்வி என்றால் உடனே மறுபடி கார்டைப் போட வேண்டாம். முதலில் இருப்பைப் பாருங்கள், அல்லது எஸ்எம்எஸ் வருகிறதா என்று பொறுங்கள். தோல்விச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அதில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணோடு புகாரை எழுத்தில் கொடுங்கள். 5 நாளுக்கு மேல் போனால் நாளுக்கு 100 ரூபாயைக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள், அது பிச்சை இல்லை. 30 நாளில் வங்கி சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். வங்கிக்காரனே இதைச் சொல்கிறானே என்று என் சகாக்கள் கோபித்துக்கொள்வார்கள். கொள்ளட்டும்.

மாசிமாவுக்கு 3,000 வந்தது. கெடு தாண்டிய நாட்களுக்கான நூறுகளும் வந்தன, அதற்கு நான் இரண்டு நோட் எழுத வேண்டியிருந்தது. படகுக்கூலி வரவில்லை, அதற்குச் சட்டத்தில் இடமில்லை. பையனின் மையம் திறந்தது. ஆனால் ஊரில் சிலர் இன்னும் அவனிடம் போவதில்லை என்று கேள்வி. அவன் கணக்கிலிருந்து அந்த மூவாயிரத்தைத் திருப்பி எடுத்தபோது ஒரு வார்த்தை பேசாமல் நோட்டில் "பேஷி"யை அடித்துவிட்டு "சரி" என்று எழுதினான்.

அடுத்த வருட டெண்டருக்கு நான் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். பதில் தாமதித்தால், பாதியில் அறுந்தால், மோடம் நடுவில் மறுபடி கிளம்பினால் இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக. "மிகை தொழில்நுட்ப விவரம், தேவையில்லை" என்று பச்சை மசியில் அடித்துத் திரும்பி வந்தது. இந்த வருடமும் கொடுத்தேன். இந்த முறை அடிக்கவில்லை, "பரிசீலனையில்" என்று எழுதியிருக்கிறார்கள்.

புது இயந்திரங்கள் ஒப்புதல் சோதனைக்கு திங்கட்கிழமை வருகின்றன. அதே ஐந்தாவது மாடி, அதே ஜன்னல். எங்கள் கட்டடத்தில் பழைய கம்பிக்கதவு லிஃப்ட் ஒன்று இருக்கிறது, உள்ளே போனால் போனில் ஒரு கோடுதான் நிற்கும். இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அதில்தான் ஏறப்போகிறேன். லிஃப்ட்மேனிடம் சொல்லி வைத்துவிட்டேன், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நிறுத்த.